விட்ராட் கட்டிய 18 முட்டை: ஒரு ஜெர்மானிய மடத்துக் கிராமத்தின் கணக்கு

ஜெர்மனியில் திருச்சபைக்குச் சொந்தமாக இருந்த ஒரு சின்னப் பண்ணைக் கிராமம் நடைமுறையில் எப்படி ஓடியது, அது யார் யார் கைக்குப் போனது, துறவிகளின் நிலம் என்பதால் உழுகிறவனுக்குக் கொஞ்சமாவது சலுகை இருந்ததா என்பது கேள்வி. பொதுவாகப் பதில் சொல்ல ஆரம்பித்தால் நிலப்பிரபுத்துவம் என்று ஒரு சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் மூடிவிடலாம், யாருக்கும் ஒன்றும் விளங்கப் போவதில்லை. அதனால் ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன்: ரோம்மர்ஸ்ஹைம். மேற்கு ஜெர்மனியில், பெல்ஜியம் எல்லைக்குப் பக்கம், ஐஃபெல் மலைப்பகுதியில், ப்ரூம் என்ற சிறு நகரத்துக்கு நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் 893ஆம் ஆண்டில் அந்த ஊரில் உழுத ஒரு குடியானவன் வருடத்துக்கு எத்தனை முட்டை கட்டினான் என்பது வரை நமக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ராஜாக்களைப் பற்றியே இந்த அளவுக்குத் தெரியாது.

முதலில் நிலம் எப்படி மடத்துக்கு வந்தது என்று பார்த்துவிடலாம். ப்ரூமில் 721இல் பெர்த்ராதா என்ற பெரிய குடும்பத்துப் பெண்மணியும் அவர் மகன் சாரிபெர்ட்டும் சேர்ந்து ஒரு மடம் கட்டினார்கள். இந்த சாரிபெர்ட்டின் மகள் பெயரும் பெர்த்ராதா. அவர் பிராங்கிய மன்னர் பிப்பினுக்கு மனைவியாகி, சார்லமேனைப் பெற்றார். ஆக பாட்டி வழியில் வந்த குடும்ப மடம், பேத்தி காலத்தில் அரச மடமாகிவிட்டது. 752இல் பிப்பின் அதை மறுபடி நிறுவிப் புதுத் துறவிகளைக் கொண்டுவந்து வைத்தார், 762இல் ஒரு பெரிய சாசனம் எழுதி நிலங்களை அள்ளிக் கொடுத்தார். கொடுத்ததில் கணிசமான பங்கு மனைவி வழிச் சொத்து. அப்புறம் சின்னவர்களும் பெரியவர்களும் தங்கள் ஆன்மாவுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வைத்தார்கள். நூறு வருடத்துக்குள் இன்றைய நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் பக்கத்திலிருந்து ரைன் நதிக்கரை வரை, லோரேன் உப்பளங்கள் வரை மடத்துக்கு நிலம். பேரரசர் முதலாம் லோத்தார் 855இல் ராஜ்யத்தை மூன்று மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, இங்கே வந்து துறவி உடை உடுத்தி, சில நாட்களிலேயே செத்துப்போனார். அவ்வளவு பெரிய இடம் ப்ரூம். ரோம்மர்ஸ்ஹைம் அதன் வாசலில் இருந்த ஒரு பண்ணை, அவ்வளவுதான்.

இப்போது அந்த முட்டைக் கணக்கு இருக்கும் பதிவேடு ஏன் எழுதப்பட்டது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் இதைச் சொல்லாமல் முட்டைக் கணக்குக்குப் போனால் அர்த்தமே மாறிவிடும். 882 ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, வட கடல் கொள்ளையர்கள் ப்ரூமுக்குள் நுழைந்தார்கள். மூன்று நாள் தங்கிச் சுற்றுவட்டாரத்தையே சூறையாடினார்கள். 892இல் மறுபடி வந்தார்கள். மடாதிபதியும் துறவிகளும் மயிரிழையில் தப்பி ஓட, மடத்து ஆட்களில் பெரும்பகுதியை வெட்டிப் போட்டுவிட்டு மிச்சப் பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த வருடமே மடாதிபதி பதவி விலக, ரெகினோ என்பவர் அந்த இடத்துக்கு வந்தார். கையில் இருப்பது எரிந்த கட்டடம், ஆள் இல்லாத வயல், எது யாரிடமிருந்து வரவேண்டும் என்று சொல்லப் பாதிப் பேர் உயிரோடு இல்லை. அடுத்த வருடமே, 893இல், மடத்துக்கு எங்கெங்கே என்னென்ன வரவேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதினார்கள். அதுதான் ப்ரூம் நிலப் பதிவேடு. பதிவேட்டின் முதல் அத்தியாயமே ரோம்மர்ஸ்ஹைம்தான்.

இந்த ரெகினோ பின்னால் ஒரு வரலாற்றுக் குறிப்பேடும் எழுதினார், அதில் 882 பற்றி ஒரு இடம் வரும். கொள்ளையர்களை எதிர்க்க வயல்களிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் எண்ணற்ற ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கால்நடையாகத் திரண்டு வந்தார்களாம். கொள்ளையர்கள் இந்தக் கூட்டத்தைப் பார்த்து, இவர்களிடம் ஆயுதம் இல்லாததை விடப் போர்ப் பயிற்சி இல்லை என்று கண்டுகொண்டு, ஆடுமாடுகளை வெட்டுவது போல வெட்டித் தள்ளினார்கள் என்று எழுதுகிறார். எழுதிய தொனியில் துக்கத்தை விட இளக்காரம்தான் எனக்குத் தெரிகிறது. செத்தவர்களில் ரோம்மர்ஸ்ஹைம்காரர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைக்க எல்லா நியாயமும் உண்டு, ஊர் அவ்வளவு பக்கம்.

சரி, பதிவேட்டைத் திறப்போம். ரோம்மர்ஸ்ஹைமில் கட்டுக்குடிகளின், அதாவது நிலத்தோடு கட்டுண்ட குடியானவர்களின், ஹூஃபே 30 என்று ஆரம்பிக்கிறது. ஹூஃபே என்றால் ஒரு குடும்பம் பிழைக்கத் தேவையான வீடு, உழுநிலம், மேய்ச்சல், காட்டில் உரிமை எல்லாம் சேர்ந்த ஒரு பங்கு. அதற்கடுத்து ஒரு மனிதனின் பெயர்: விட்ராட். அவன் ஒரு முழு ஹூஃபே வைத்திருக்கிறான். அதற்கு ஈடாக அவன் வருடத்துக்குத் தரவேண்டியது: 20 டெனாரியுஸ் (அந்தக் காலத்து வெள்ளிக் காசு) பெறுமான ஒரு பன்றி, துணி நெய்ய ஒரு ராத்தல் ஆளிச்செடி நார், 3 கோழி, 18 முட்டை. இது பொருள். அப்புறம் வேலை. மே மாதமும் அக்டோபர் மாதமும் அரை வண்டி திராட்சை மது இழுக்க வேண்டும். 5 வண்டி எரு அடிக்க வேண்டும். 5 கட்டு மரப்பட்டை, 12 வண்டி விறகு. மடத்துக் கூரைக்கு 50 பலகை அல்லது 100 மரச்சில்லு கொண்டு வர வேண்டும். ரொட்டி சுட வேண்டும், பீர் காய்ச்ச வேண்டும். முறை வரும்போது ஒரு வாரம் காட்டில் மடத்துப் பன்றிகளை மேய்க்க வேண்டும். ராக்காவல் இருக்க வேண்டும். இதெல்லாம் போக, வருடம் முழுவதும், வாரத்தில் மூன்று நாள் மடத்து வயலில் வேலை.

கடைசி வரியைத்தான் நின்று பார்க்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது என்பதால் மிச்சம் ஆறு நாளில் பாதி. 30 ஹூஃபேயும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 4680 ஆள்நாள், ஒரு காசு கூலி இல்லாமல். முட்டை 540, கோழி 90, விறகு 360 வண்டி, எரு 150 வண்டி. இப்படிப் பெருக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும்: கோழியும் முட்டையும் இந்தக் கணக்கில் ஓரத்தில் வைத்த ஊறுகாய்தான். மடத்தின் உண்மையான வருமானம் ஆள், மாடு, வண்டி. காசு என்று பார்த்தால் விட்ராட் கணக்கில் வருவது பன்றியின் விலை மட்டும்தான், அதுவும் பன்றியாகத்தான் போகிறது.

மது வண்டிதான் எனக்கு இந்தப் பட்டியலிலேயே பிடித்த இடம். ஐஃபெலின் இந்தப் பகுதியில் திராட்சை விளையாது. ரோம்மர்ஸ்ஹைம் மேட்டு நிலம், குளிர், காற்று. ஓட்ஸ் விளைந்தாலே நன்றி சொல்ல வேண்டிய மண். ஆனால் மடத்தில் பூசைக்கு மது வேண்டும், துறவிகளுக்குக் குடிக்கவும் வேண்டும், வருகிற பெரிய மனிதர்களுக்கு ஊற்றவும் வேண்டும். மடத்துத் திராட்சைத் தோட்டங்கள் மோசெல் நதிக்கரையில் மெஹ்ரிங், ஷ்வைஹ் போன்ற ஊர்களிலும், அந்தப் பக்கம் ஆர் நதிப் பள்ளத்தாக்கிலும் இருந்தன. ஷ்வைஹிலிருந்து ப்ரூமுக்கு நேர்கோட்டிலேயே கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், அதுவும் ஏற்றம். மாட்டு வண்டியில் பீப்பாயைக் கட்டிக்கொண்டு, மழைக்காலச் சேற்றில், இறங்கி ஏறி வரவேண்டும். அரை வண்டி என்று எழுதியிருப்பதை, இரண்டு குடிகள் சேர்ந்து ஒரு வண்டி பூட்ட வேண்டும் என்றுதான் புரிந்துகொள்ள முடிகிறது. அக்டோபர் என்றால் அறுவடை முடிந்த புது மது. மே மாதம் ஏன் என்றால் குளிர்காலம் முழுக்கப் பாதை கெட்டுக் கிடக்கும், வசந்தத்தில்தான் அடுத்த லோடு வரமுடியும் என்று தோன்றுகிறது. சொந்த நிலத்தில் உழவும் விதைப்பும் இருக்கும் பருவத்தில் அவனுடைய மாடு மோசெல் சாலையில் நிற்கிறது.

இப்படித்தான் நூறு இருநூறு கிலோமீட்டர் சிதறிக் கிடந்த நிலம் ஒரு மடத்துக்குப் பயன்பட்டது. லோரேனில் விக் என்ற இடத்தில் உப்பளம், ஆர் நதியில் மது, ரைன் பக்கம் தானியம், ஐஃபெலில் மரமும் பன்றியும். இவற்றைச் சேர்த்துக் கட்டிய கயிறு குடியானவர்களின் வண்டிச் சேவைதான். செய்தி கொண்டுபோவதற்கு என்றே கடமைப்பட்ட குடிகளும் இருந்தார்கள். கால்நடையாகவோ குதிரையிலோ படகிலோ மடத்துக் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்களின் நிலத்துக்கான வாடகை. விட்ராட் மாதிரிக் கட்டுக்குடிக்குக் கீழே சொந்தமாக நிலமே இல்லாமல் பண்ணை வீட்டிலேயே தின்று உறங்கி வேலை செய்தவர்களும் உண்டு, மேலே வாரா வாரம் வேலை இல்லாமல் பருவத்துக்கு மட்டும் வந்து போன குடிகளும் உண்டு. ஆக எல்லாரும் அடிமை என்பதும் தப்பு, எல்லாரும் குத்தகைக்காரர் என்பதும் தப்பு. விட்ராடை அவன் நிலத்திலிருந்து பிரித்துத் தனியாக விற்கவில்லை; அவனுக்கு வீடு, குடும்பம், மாடு, கோழி எல்லாம் உண்டு. ஆனால் எழுந்து வேறு ஊருக்குப் போகும் சுதந்திரம் இல்லை.

அவன் மனைவிக்கும் வேலை உண்டு, பதிவேடு அதையும் விடவில்லை: மடத்துக்காக ஆளித்துணியில் உடை தைக்க வேண்டும். பெயர் மட்டும் எழுதவில்லை. பதிலுக்கு என்ன கிடைத்தது என்பதும் இருக்கிறது. காவல் இருந்து, வைக்கோல் சேர்த்து, உழும்போது, அறுவடைக் காலமாக இருந்தால் ரொட்டியும் பீரும் இறைச்சியும் உண்டு. மற்றக் காலத்தில் ஒன்றும் கிடையாது. அப்படியே வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

கிராமத்தில் இதையெல்லாம் மேய்த்தது யார்? ஊர் நடுவில் மடத்தின் பண்ணை வீடு இருக்கும். களஞ்சியம், தொழுவம், அடுப்படி எல்லாம் அதில். அதைச் சுற்றி மடத்தின் நேரடி வயல்கள். பண்ணையைப் பார்த்துக்கொள்பவருக்கு ஜெர்மனில் மையர் என்று பெயர். இன்று ஜெர்மனியில் கல்லெறிந்தால் ஒரு மையர் மேல் விழும், அவ்வளவு பொதுவான குடும்பப் பெயர். அந்தப் பெயரின் பூர்வீகம் பெரும்பாலும் இப்படி ஒரு மேற்பார்வையாளர் வேலையில்தான். துறவிகள் வயலுக்கு வந்து சாட்டை பிடித்து நிற்கவில்லை. மையர்தான் ஆளைக் கூப்பிட்டார், எண்ணினார், கொஞ்சம் தன் பக்கமும் ஒதுக்கிக்கொண்டார்.

கேள்வியின் இரண்டாம் பாதி, சலுகை இருந்ததா என்பது. என் பதில்: பெரிதாக இல்லை. பக்கத்துப் பிரபுவின் குடியானவன் என்ன பட்டானோ ஏறத்தாழ அதைத்தான் விட்ராடும் பட்டான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பிரபு சாவான், மூன்று மகன்கள் பங்கு பிரிப்பார்கள், ஒருவன் சூதாடி விற்பான், ஒருவன் வாரிசில்லாமல் போவான், இந்தச் சந்துபொந்தில் குடியானவனுக்குச் சில கடமைகள் மறந்துபோகும். மடம் சாகாது. பங்கு பிரியாது. எல்லாவற்றுக்கும் மேல், மடத்துக்கு எழுதத் தெரியும். அந்த ஊரில் எழுதத் தெரிந்தவர்கள் வசூலிக்கிற பக்கத்தில் மட்டும் இருந்தார்கள். 18 முட்டை என்று தோல் ஏட்டில் ஏறிவிட்டால் அது விட்ராடின் பேரனுக்கும் 18 முட்டைதான். இதற்கு மறுபக்கமும் உண்டு, நியாயமாகச் சொல்ல வேண்டும்: எழுதி வைத்தது 18 என்றால் மையர் 25 கேட்கும்போது ஊர்க்காரர்கள் பழைய வழக்கத்தைச் சொல்லி மறுக்கலாம். பிற்காலத்தில் ஜெர்மன் கிராமங்களில் வருடத்துக்கு ஒருமுறை ஊர் மன்றம் கூடி, பெரியவர்கள் எழுந்து எது வழக்கம் எது வழக்கமில்லை என்று வாய்விட்டு அறிவித்து, அதையும் எழுதிக்கொண்டார்கள். பதிவு இரண்டு பக்கமும் வெட்டும், ஆனால் ஒரு பக்கம் கூர்மை அதிகம்.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. திருச்சபை ஆட்கள் ரத்தம் சிந்தும் தண்டனை கொடுக்கக் கூடாது. கொலை, கொள்ளை வழக்கை விசாரித்துத் தூக்கில் போட, சண்டை வந்தால் வாள் எடுக்க, மடத்துக்கு ஒரு பிரபு வேண்டும். அவருக்கு ஃபோக்ட் என்று பெயர். ப்ரூமுக்கு அந்தப் பொறுப்பு வியாண்டன் பிரபுக்கள் கையில் இருந்தது. பாதுகாக்க வந்தவர் சம்பளம் இல்லாமல் வருவாரா? மடத்துக் குடிகளிடம் தனியாக வசூல் செய்வார், பரிவாரத்தோடு வந்து தங்கித் தின்றுவிட்டுப் போவார், கொஞ்ச காலத்தில் நிலமே தன்னுடையது என்பார். ஜெர்மனி முழுக்க மடங்களுக்கும் ஃபோக்டுகளுக்கும் நடந்த தகராறு சொல்லி மாளாது. குடியானவனைப் பொறுத்தவரை ஒரு எஜமானுக்குப் பதில் இரண்டு எஜமான்.

ரெகினோவின் கதையும் இதே மாதிரிதான் முடிந்தது. 899இல் ஜெர்ஹார்ட், மாட்ஃப்ரீட் என்ற இரண்டு பிரபு சகோதரர்கள் அவரைத் தள்ளிவிட்டுத் தங்கள் சகோதரர் ரிஹாரை மடாதிபதியாக்கினார்கள். ரெகினோ ட்ரியர் நகரத்துக்குப் போனார், அங்கேதான் அந்த வரலாற்றை எழுதினார், 915இல் இறந்தார். பதிவேடு மடத்திலேயே கிடந்தது.

பதிவேடு எழுதி 329 வருடம் ஓடிவிட்டது. 1222இல் செசாரியுஸ் என்பவர் அந்தப் பழைய ஏட்டை எடுத்துப் பிரதி செய்கிறார். இவர் ப்ரூமில் சில வருடம் மடாதிபதியாக இருந்துவிட்டு, பதவியை விட்டு, ரைன் கரையோரம் ஹைஸ்டர்பாக் மடத்தில் சாதாரணத் துறவியாகச் சேர்ந்தவர். (அதே காலத்தில் அதே மடத்தில் அதே பெயரில் அற்புதக் கதைகள் எழுதிப் பேர் வாங்கிய இன்னொருவர் இருந்தார். இரண்டு பேரையும் ஒன்றாக்கிவிடும் கட்டுரைகள் நிறைய உண்டு.) நம் கையில் இன்று இருப்பது செசாரியுஸ் எழுதிய பிரதிதான், கோப்ளென்ஸ் நகரில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, 893இன் மூலம் தொலைந்துவிட்டது. அவர் பிரதி மட்டும் எடுக்கவில்லை, ஓரத்தில் விளக்கமும் எழுதினார், ஏனென்றால் 1222இல் இருந்த துறவிகளுக்கே பாதிச் சொற்கள் புரியவில்லை. கட்டுக்குடி ஹூஃபே என்றால் வாரம் மூன்று நாள் வருடம் முழுக்க வேலை செய்ய வேண்டியது என்று விளக்குகிறார். எல்லாருக்கும் தெரிந்த நடைமுறையாக இருந்தால் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. அதாவது, அந்த வார வேலை பல இடங்களில் ஏற்கெனவே வழக்கொழிந்து போயிருந்தது.

அவர் ஒரு இடத்தில் சொல்வது முக்கியமானது: இந்த ஏடு எழுதப்பட்ட பிறகு எத்தனையோ காடுகள் வெட்டப்பட்டன, ஊர்கள் எழுந்தன, ஆலைகள் கட்டப்பட்டன, திராட்சைத் தோட்டங்கள் நட்டார்கள், தசமபாகம் (விளைச்சலில் திருச்சபைக்குப் போகும் பத்தில் ஒரு பங்கு) பெருகியது. மூன்று நூற்றாண்டு ஐரோப்பிய வளர்ச்சியை ஒரு முன்னாள் மடாதிபதி ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். ஆனால் மடம் அந்த வளர்ச்சிக்கு ஏற்ற மாதிரிப் பணக்காரனாகவில்லை. நிலங்களைப் பிரபுக்களுக்கும் சேவகர்களுக்கும் மானியமாகக் கொடுத்தது கொடுத்ததாகவே போய்விட்டது. மையர் வேலை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போய், ஒரு கட்டத்தில் மையரே சிறு பிரபு மாதிரி ஆகிவிட்டார். செசாரியுஸ் உட்கார்ந்து பிரதி எடுத்ததில் பழமை மீது பிரியம் மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. இது மடத்துக்கு வரவேண்டியது என்று காட்ட ஒரு கைப்பிடி வேண்டும் என்ற கவலை வரிக்கு வரி தெரிகிறது. 

13, 14ஆம் நூற்றாண்டுகளில் பழைய முறை கழன்று விழுந்தது. ரோம்மர்ஸ்ஹைம் மாதிரி ஊர்களில் மடத்து நேரடி வயல் துண்டு துண்டாகக் குத்தகைக்குப் போனது. மூன்று நாள் வேலை சில நாள் வேலையாகச் சுருங்கி, மிச்சம் காசாகவும் தானியமாகவும் மாறியது. விசித்திரம் என்னவென்றால் கோழி மட்டும் கடைசி வரை போகவில்லை! ஜெர்மனியில் பல இடங்களில் 18ஆம் நூற்றாண்டு வரை, ஒரு கோழியைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் நான் இன்னாருடைய குடி என்பதற்கு அடையாளம். அதைவிட வலித்தது சாவு வரி. ரைன்லாந்தில் கூர்மேடெ என்பார்கள்: குடும்பத் தலைவன் செத்தால் தொழுவத்தில் இருக்கும் மிகச் சிறந்த மாட்டையோ குதிரையையோ எஜமான் ஓட்டிக்கொண்டு போகலாம். உழுகிறவன் போன வாரமே உழுகிற மாடும் போகும்.

மடத்தின் மீது ட்ரியர் பேராயருக்கு ரொம்ப நாளாகக் கண். பேராயர் என்றால் வெறும் மதத் தலைவர் இல்லை, பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் ஒருவர், சொந்த நாடு வைத்திருந்தவர். அவருடைய நாட்டுக்குப் பக்கத்திலேயே ப்ரூம் தனி ஆட்சியாக உட்கார்ந்திருந்தது. 1576இல் கடைசித் தனி மடாதிபதி கிறிஸ்டோஃப் ஃபான் மாண்டர்ஷைட் இறந்ததும், போப்பிடம் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த அனுமதியைக் காட்டி, பேராயர் யாகோப் ஃபான் எல்ட்ஸ் மடத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டார். துறவிகள் இருந்தார்கள், மணி அடித்தது, ஆனால் வருமானமும் அதிகாரமும் ட்ரியர் அதிகாரிகள் கைக்குப் போனது. ரோம்மர்ஸ்ஹைம்காரனுக்கு இதில் என்ன மாறியது என்று கேட்டால், ரசீதில் இருந்த பெயர். திருச்சபையே திருச்சபையிடமிருந்து பிடுங்கிக்கொண்டது.

இந்தப் பின்காலத்தில் ஒரு விஷயம் மட்டும் சுவையானது. ப்ரூம் வட்டாரத்தில் குடியானவன் பண்ணையை மகன்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. பிரித்தால் வரி வாங்குவது கஷ்டம் என்று எஜமான் தடுத்து வைத்திருந்தார். ஒரே வாரிசு, மொத்தப் பண்ணையும் அவருக்கு; மற்றப் பிள்ளைகள் கல்யாணம் பண்ணிக்கொண்டு வெளியே போவார்கள், அல்லது அண்ணன் வீட்டிலேயே கூலி மாதிரி காலம் தள்ளுவார்கள். இதனால் வீட்டுக்குத்தான் பெயர், ஆளுக்கு இல்லை. ஒரு மருமகன் வந்து குடியேறினால் அவருடைய சொந்தக் குடும்பப் பெயர் என்னவாக இருந்தாலும் ஊரில் அவரை அந்த வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஐஃபெல் கிராமங்களில் இந்த வழக்கம் சமீப காலம் வரை உயிரோடு இருந்தது, வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். தேவாலயப் பதிவில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர் என்று குடும்ப மரம் தேடுகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

முடிவு வேகமாக வந்தது. 1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை ட்ரியர் நாட்டுக்குள் வந்தது. ரைனுக்கு மேற்கே எல்லாம் பிரான்ஸ் ஆனது. ப்ரூம், சார் மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகரானது. 1798 மார்ச் 26ஆம் தேதி பிரெஞ்சு ஆணையர் ரூட்லர் ஓர் ஆணை போட்டார்: தசமபாகம் ரத்து, நிலப்பிரபு உரிமைகள் ரத்து. விட்ராட் காலத்துக் கடமைகளின் மிச்சசொச்சம் எல்லாம் ஒரு தாளில் போயின, அதுவும் குடியானவன் நஷ்ட ஈடு எதுவும் கட்டாமல். 1802 ஜூனில் ரைன்லாந்தின் நான்கு மாவட்டங்களிலும் மடங்களே கலைக்கப்பட்டன, அடுத்த வருடத்திலிருந்து மடம் தன் கையிலேயே வைத்திருந்த நிலங்கள் ட்ரியரில் ஏலத்துக்கு வந்தன. ஏலத்தில் பெரிய துண்டுகளை வாங்கியது பெரும்பாலும் கையில் காசு இருந்த நகரத்து வியாபாரிகளும் அதிகாரிகளும். சில இடங்களில் ஊர்க்காரர்கள் சேர்ந்து வாங்கினார்கள்.

இதை ரைனுக்குக் கிழக்கே நடந்ததோடு வைத்துப் பார்த்தால்தான் மேற்குக்கரைக் குடியானவனின் அதிர்ஷ்டம் புரியும். கிழக்கே பிரஷ்யாவில் 1807இல் விடுதலை என்று அறிவித்தார்கள், ஆனால் 1811 ஆணைப்படி பழைய கடமையிலிருந்து முழுசாக விடுபட வேண்டுமானால் பல குடியானவர்கள் தங்கள் நிலத்தில் மூன்றில் ஒன்றோ பாதியோ எஜமானுக்கே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1850 சட்டத்துக்குப் பிறகும் பல பேர் அரசு வங்கிக்குத் தவணை கட்டிக்கொண்டே இருந்தார்கள். ரோம்மர்ஸ்ஹைமில் ஒரு நாள் காலையில் எழுந்தால் நிலம் சொந்தம்.

அதனால் சுபிட்சம் வந்துவிட்டதா என்றால், இல்லை. பிரெஞ்சுச் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு என்றது. முழுசாக இருந்த பண்ணைகள் பிரிய ஆரம்பித்தன. 1815இல் பிரஷ்யா வந்தது, ஐஃபெலுக்கு மாற்றலாகி வந்த பிரஷ்ய அதிகாரிகள் இதைப் பிரஷ்யாவின் சைபீரியா என்று கேலி செய்தார்கள். 1840களில் உருளைக்கிழங்கு நோய் விழுந்தபோது ஐஃபெலிலிருந்து கப்பல் ஏறி அமெரிக்கா போனவர்கள் ஏராளம். எஜமான் பிரிக்க விடாமல் வைத்திருந்த பண்ணை, சுதந்திரம் வந்த பிறகு பிரிந்து பிரிந்து ஒரு குடும்பத்துக்குப் போதாமல் போனது என்பது கசப்பான கணக்கு, ஆனால் இதை வைத்து மடமே தேவலை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கப்பல் ஏறுகிறவனுக்கு ஏறும் உரிமையாவது இருந்தது.

மடத்துக் கட்டடத்தில் இப்போது அரசுப் பள்ளி நடக்கிறது, பெயர் ரெகினோ ஜிம்னாசியம் (ஜெர்மனியில் ஜிம்னாசியம் என்றால் மேல்நிலைப் பள்ளி). பக்கத்துப் பேராலயத்தில் லோத்தாரின் கல்லறை இருக்கிறது. பல ஊர்களின் பெயர் 893 பதிவேட்டில்தான் முதன்முதலில் வந்தது என்பதால் 1993இல் ஐஃபெலிலும் ஆர் பள்ளத்தாக்கிலும் ஊர் ஊராக 1100ஆம் ஆண்டு விழா கொண்டாடினார்கள். யாரோ 12 வண்டி விறகு கட்ட வேண்டும் என்று எழுதி வைத்த கணக்கு, ஊருக்குப் பிறந்தநாள் சான்றிதழ் ஆகிவிட்டது.

திருச்சபை சொத்துப் பறிபோன கணக்கு மட்டும் ஜெர்மனியில் இன்னும் தீரவில்லை. 1803இல் ரைனுக்குக் கிழக்கே பிரபுக்கள் மடங்களையும் பேராயர் நாடுகளையும் எடுத்துக்கொண்டபோது, பதிலுக்குத் திருச்சபையின் செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஏற்றுக்கொண்ட கடமைதான் இந்தத் தீராத கணக்குக்குப் பெரிய அடிப்படை. அந்தக் கடமை ராஜ்யத்திலிருந்து குடியரசுக்கும் கைமாறியது. 1919 அரசியல் சட்டம் இதை ஒரேயடியாகத் தீர்த்து முடிக்க வேண்டும் என்றது, 1949 சட்டமும் அதே வரியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது, யாரும் தீர்க்கவில்லை. பிரெமன், ஹாம்பர்க் தவிர மற்ற மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் என்ற இரண்டு பெரிய திருச்சபைகளுக்கும் வருடத்துக்கு 50 கோடி யூரோவுக்கு மேல் இன்றும் கட்டிக்கொண்டிருக்கின்றன.